ஜெசிந்தாவுக்கு நான் போட்ட ஃபாரம்

இந்த பஸ்ஸோட அவசர வழிக் கதவைப் பாத்தீங்களா சார்? கதவுக்கு நேரா ஒரு சீட்டைப் போட்டு, சீட்டு மேல ரெண்டு வெங்காய மூட்டையையும் ஏத்தி வச்சிருக்கான். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களும் நானும் அந்த மூட்டையைத் தாண்டித்தான் குதிக்கணும். நான் எங்க போய் உக்காந்தாலும் முதல்ல கதவைத்தான் பாப்பேன். தொழில் அப்படி. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லுல சேஃப்டி ஆபீசர். பேரு சூசைராஜ். இருபத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு உயிர்ச்சேதம் கிடையாது. விரல் போயிருக்கு, ரெண்டு மூணு. அது வேற.

கோயம்புத்தூர் வரைக்குமா? அப்ப நிறைய நேரம் இருக்கு. ஒரு விஷயம் சொல்றேன், நீங்க நியாயத்தைச் சொல்லுங்க. இதை வெளியாள் யார்கிட்டயும் நான் வாய் திறந்ததில்லை. வீட்டுப் பொம்பளைப் பிள்ளை சம்பந்தப்பட்டது. அதுலல்லாம் நான் ரொம்பக் கட்டுப்பாடு.

எனக்கு ஒரே தங்கச்சி, ஜெசிந்தா. என்னைவிடப் பதினாலு வயசு சின்னவ. அம்மா தவறும்போது அவளுக்குப் பன்னெண்டு. அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆச்சு, ஸ்டெல்லா வந்தா. நாங்க ரெண்டு பேருமாத்தான் அவளை வளத்தோம். இப்ப முப்பத்திமூணு வயசு. திண்டுக்கல்ல ஒரு பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல கணக்கு டீச்சர். நல்ல பேரு. கல்யாணம் மட்டும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டா. மூணு நல்ல இடம் வந்தது, மூணும் அவளாத்தான் தட்டிவிட்டா. பிள்ளைக்குப் படிப்பு மேலதான் நாட்டம்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன்.

போன ஜனவரியில, பொங்கல் லீவு முடிஞ்ச வாரம், சாப்பிட்டுக்கிட்டிருக்கோம். ரசம் ஊத்தின நேரம். ஜெசிந்தா சொல்றா, அண்ணே, எனக்கு வலது பக்க மார்பு வளரவே இல்லை, பிறவியிலயே அந்தப் பக்கம் நெஞ்சுத் தசையும் சரியா இல்லை, கோயம்புத்தூர்ல டாக்டரைப் பாத்திருக்கேன், ஆபரேஷன் பண்ணி உள்ள ஒண்ணு வைக்கலாங்கிறாரு, மே மாசம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்னு. எப்படி? பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துற மாதிரி. அந்த வார்த்தையை, சாப்பாட்டு நேரத்துல, அண்ணன்கிட்ட சொல்றா. நான் எங்க பாக்குறது? ரசத்தைத்தான் பாத்தேன்.

ஸ்டெல்லா ஒண்ணும் அதிர்ச்சி ஆகலை. அவளுக்கு இருபது வருஷமாத் தெரியுமாம். பிள்ளைக்குப் பதினாலு வயசு இருக்கும்போதே பஞ்சு வச்சு அளவா தச்சுக் குடுக்க ஆரம்பிச்சவளே அவதானாம். பஞ்சு நான் மில்லுல இருந்து கொண்டுவந்த பஞ்சு. தலகாணிக்குன்னு கேட்டு வாங்குவா. எங்க வீட்டுல ஒளிவுமறைவுங்கிறதே கிடையாது சார், அதைப் பெருமையா நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

சரி, நான் என்ன பண்ணேன்? கத்தினேனா? இல்லை. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னேனா? அதுவும் இல்லை. நிதானமா, இதோட ஆபத்து என்ன ஏதுன்னு முதல்ல எடை போட்டுப் பாப்போம்மான்னேன். மில்லுல ஒரு புது மெஷின் இறக்கினா அப்படித்தானே பண்றோம். அவளும் சரின்னு ஒரு நோட்டைக் கொண்டுவந்து வச்சா. டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போய்க் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கா. உள்ள வைக்கிறது ஆயுசுக்கும் வராது, பத்துப் பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரலாம். அதைச் சுத்தி உடம்பே ஒரு தோல் மாதிரி கட்டி, இறுகிப் போய் வலிக்கலாம். சத்தமில்லாம உள்ளயே கசியலாம், ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். சீழ் வைக்கலாம். ரொம்ப ரொம்ப அபூர்வமா ஒரு வகைப் புத்துநோய் வந்திருக்கு, அதுவும் சொரசொரப்பா இருக்கிற ரகத்துலதான் அதிகம், அதனால டாக்டர் வழவழப்பான ரகம்தான் வைப்பாரு. சில பேரு அசதி, மூட்டுவலின்னு சொல்றாங்க, அது இதனாலதானான்னு டாக்டர்களுக்கே உறுதியாச் சொல்ல முடியலை. வயித்துக் கொழுப்பை எடுத்து வைக்கிற முறையும் உண்டு, இவ ஒல்லி, அது பத்தாது. ஒண்ணுமே பண்ணாம அப்படியே விட்டாலும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. எல்லாம் வரிசையா எழுதியிருந்தா.

நான் நெட்டுல பத்து நாள் உக்காந்து தேடினேன் சார். எல்லா ஆபத்தையும் ஒண்ணு விடாமக் கண்டுபிடிச்சேன். பாத்தா அவ்வளவும் அவ நோட்டுல இருந்தது. இருக்கட்டும், அவ எழுதி வச்சதுதானே, ஆராய்ஞ்சு பாத்தது நான்தானே.

மில்லுல எங்களுக்கு ஒரு ஃபாரம் உண்டு. இடது பக்கம் ஆபத்து என்னன்னு எழுதணும். பக்கத்துல அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, ஒண்ணுல இருந்து அஞ்சு மார்க்கு. அதுக்குப் பக்கத்துல, நடந்தா எவ்வளவு பாதிப்பு, அதுக்கும் அஞ்சு மார்க்கு. ரெண்டையும் பெருக்கணும். பதினஞ்சைத் தாண்டிச்சுன்னா சிவப்பு, வேலையை நிப்பாட்டணும். ஜெசிந்தாவுக்கு அந்த ஃபாரத்தைப் போட்டேன். பேரெல்லாம் பச்சையா எழுதலை. ‘உபகரணம்’னு போட்டேன். பயனாளின்னு ஒரு கட்டம் வரும். அதுக்காக அவளைக் கேட்டேன், கல்யாணமே வேண்டாம்னவ, இப்ப இது யாருக்காகம்மான்னு. எனக்காகத்தாண்ணேன்னா. அந்தக் கட்டத்துல நான் ‘யாருமில்லை’ன்னு எழுதினேன்.

மொத்தம் பதினாலு ஆபத்து வந்தது. பதினாலும் சிவப்பு.

ஒருத்தன் அபிப்பிராயம் மட்டும் போதாதுல்ல. நாலு பேரைக் கலந்துக்கணும். மில்லு கம்பவுண்டரைக் கேட்டேன், தீயணைப்பு நிலையத்துல இருக்கிற சிநேகிதரைக் கேட்டேன், எங்க சித்தப்பாவைக் கேட்டேன். எங்கயும் அந்த வார்த்தை என் வாயில வரலை. தங்கச்சிக்கு நெஞ்சுல ஒரு பிரச்சினை, உள்ள ஒண்ணு வைக்கணுங்கிறாங்க, வைக்கலாமா கூடாதான்னுதான் கேட்டேன். எல்லாரும் புரிஞ்சுக்கிட்டாங்க. தலையைத் தலையை ஆட்டினாங்க.

கடைசியா பங்குச்சாமியார்கிட்டப் போனேன். ஃபாதர் மரியநாயகம். ஃபாதர், கடவுள் படைச்ச உடம்புல நாமளா ஒண்ணைக் கொண்டுபோய் வைக்கலாமான்னு கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டிட்டு, போன மாசம்தான்ப்பா ரெண்டு கண்ணுலயும் லென்ஸ் வச்சுக்கிட்டேன், இப்பத்தான் பைபிளே தெரியுதுன்னாரு. அது கண்ணு ஃபாதர், இது நெஞ்சுன்னேன். பாவம், சின்ன வயசு, தாராளமா வைக்கச் சொல்லு, நான் வேண்டிக்கிறேன்னாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை பூசையில, மன்றாட்டு நேரத்துல வாசிக்கிறாங்க சார்: இருதய நோயால் வாடும் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஜெசிந்தாவுக்காக மன்றாடுவோம். கோயில் முழுக்க, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்னு சொல்லுது. ஜெசிந்தா எனக்கு எதிர்வரிசையில பொம்பளைங்க பக்கம் உக்காந்திருக்கா. திரும்பி என்னைப் பாத்தா. நான் முழங்கால்ல நின்னுக்கிட்டேன்.

அன்னையில இருந்து அவளுக்கு இருதயத்துல ஓட்டை. ஸ்கூல்ல மாடிப்படி ஏறக் கூடாதுன்னு கீழ இருக்கிற வகுப்புக்கு மாத்திட்டாங்க. பிள்ளைங்களோட அம்மாமாரெல்லாம் மாதுளம்பழம் கொண்டுவந்து குடுத்துட்டுப் போனாங்க. நாலாவதா ஒரு சம்பந்தம் அரசல்புரசலா வந்துக்கிட்டிருந்தது, அதுவும் நின்னுபோச்சு. எங்கிட்ட ஒரு நாள் கேட்டா, ஏண்ணே இப்படிப் பண்ணீங்கன்னு. கோவமாக்கூட கேக்கலை. உன் ரகசியத்தை நான் காப்பாத்தியிருக்கேன்மான்னு சொன்னேன். யோசிச்சுப் பாருங்க, ஊரே அவ நெஞ்சைப் பத்திப் பேசுது, ஒருத்தனுக்காவது உண்மை தெரியுமா?

அப்புறம் தவக்காலத்துல ஒரு சனிக்கிழமை ஃபாரத்தை அவ கையில குடுத்தேன். படிச்சுப் பாத்துட்டு நீயே முடிவு பண்ணும்மான்னேன். அவ கணக்கு டீச்சர் இல்லையா, சிவப்புப் பேனாவை எடுத்துட்டா. அபூர்வத்துலயும் அபூர்வம்னு நீங்களே எழுதிட்டு, நடக்கிற வாய்ப்புக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டா எப்படிண்ணே? எல்லாத்துக்கும் அஞ்சு போடுறதுன்னா எதுக்குப் பெருக்கணும்னா. பாதுகாப்புல கூடுதலாப் போட்டா தப்பில்லைன்னேன். அவ அந்தத் தாளை அப்படியே வச்சு, ஸ்கேலை எடுத்து, வலது ஓரத்துல புதுசா ஒரு கோடு இழுத்தா. மேல ‘செய்யாவிட்டால்’னு எழுதினா.

இப்படி ஒரு கட்டம் எங்க ஃபாரத்துல கிடையாது. இருபத்தோரு வருஷத்துல நான் பாத்ததில்லை.

அதுல வரிசையா எழுதிக்கிட்டே போனா. சித்திரை வெயில்ல பஞ்சு வேர்வையில ஊறி, அந்த இடம் வெந்துபோறது. குத்தாலத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயும் ஒரு தடவைகூட அருவியில நிக்காதது. டீச்சர்ங்க சேந்து தங்குற இடத்துல எல்லாரும் தூங்கின பிறகு படுத்து, எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முந்தி எந்திரிக்கிறது. மூணு மாப்பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வேண்டாம்னு சொன்னது. கரும்பலகையில கையைத் தூக்கி எழுதினா பஞ்சு மேல ஏறிடும், அதனால பதினோரு வருஷமா போர்டுல கீழ்ப்பாதியில மட்டும்தான் எழுதுறா. பின்பெஞ்சுப் பிள்ளைங்க எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்துத்தான் கணக்கை எழுதிக்கிதுங்க. எல்லாத்துக்கும் நேரா, நடக்கிற வாய்ப்புன்னு அஞ்சு போட்டா. தினமும் நடக்குது, அதனால அஞ்சு. பாதிப்புங்கிற இடத்தை மட்டும் விட்டுட்டா.

இதை யாருண்ணே போடுறதுன்னு கேட்டா. நீங்க போடுங்கன்னு பேனாவை எங்கிட்ட நீட்டினா.

நான் விதிப்படி போட்டேன் சார். எங்க முறையில, ரத்தம் வரலை, முதலுதவி தேவைப்படலைன்னா பாதிப்பு ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டேன். அஞ்சு இன்ட்டு ஒண்ணு, அஞ்சு. பச்சை. பாத்தியாம்மா, பச்சையிலதான் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லைன்னேன். அவ தாளை வாங்கிப் பாத்தா. மடிச்சு மேசை மேல வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கணக்கை ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன்.

அதோட விட்டேனா? கரும்பலகை விஷயத்துக்கு வழி பண்ணணும்ல. ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு ஒரு லெட்டர் போட்டேன், பணியிடப் பாதுகாப்பைக் கருதி எல்லா வகுப்புலயும் கரும்பலகையை ஒன்றரை அடி கீழ இறக்கி மாட்டணும்னு. சிஸ்டர் போன் பண்ணி, முன்பெஞ்சுப் பிள்ளைங்க தலை மறைக்குமேன்னாங்க. அதுக்கு நான் என்ன பண்றது? ஒரு ஆபத்தைத் தீத்தா இன்னொண்ணு வரத்தான் செய்யும்.

இந்த நேரத்துலதான் ஸ்டெல்லா ஒரு வார்த்தை கேட்டா. அவ அதிகம் பேச மாட்டா. மாவு அரைச்சுக்கிட்டிருந்தவ, கிரைண்டரை நிப்பாட்டிட்டுக் கேட்டா.

“முப்பத்தெட்டு வயசுல எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்களே, அப்ப எத்தனை கட்டம் போட்டீங்க?”

அது அவசியம் சார். டாக்டரே சொன்னாரு. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, ஆஸ்பத்திரி வாசல்லயே வண்டி மேல பேப்பரை வச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனேன். அப்புறம் தையல் பிரிஞ்சு பன்னெண்டு நாள் கிடந்தா, அது அவ உடம்பு வாகு. அதையும் இதையும் ஒண்ணாச் சேத்தா எப்படி? அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். அவ கிரைண்டரைப் போட்டுட்டா. அந்தச் சத்தத்துல ஒண்ணும் பேச முடியாது.

மே மாசம் லீவு விட்டதும் அவளும் ஜெசிந்தாவும் வேளாங்கண்ணிக்குப் போறோம்னு கிளம்பினாங்க. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளை மனசு மாறணும்னு என் பேருல ஒரு பெரிய மெழுகுவத்தி ஏத்தச் சொல்லிக் குடுத்தனுப்பினேன். பன்னெண்டு நாள் கழிச்சு வந்தாங்க. ஜெசிந்தா கொஞ்சம் வாடித்தான் இருந்தா, கடல் காத்து ஒத்துக்கலைன்னா ஸ்டெல்லா. பையைத் தூக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம்னு ஸ்டெல்லாவே எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செஞ்சா. நாத்தனாரை இப்படித் தாங்குறவ யாரு இருக்கான்னு நான் மில்லுல போய்ச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

நான் சும்மா இல்லை. ஃபாரத்தை அவ சொன்ன மாதிரியே திருத்தினேன். அபூர்வமானதுக்கு மார்க்கைக் கொறைச்சேன். பதினாலுல ஆறு மஞ்சளுக்கு இறங்கிச்சு. நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லைங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ஜூலை மாசம் ஒரு காலையில, இட்லி சாப்பிடும்போது சொன்னேன், இன்னும் ஒரு வருஷம் பொறு, அந்த எட்டையும் இறக்க முடியுதான்னு பாப்போம்னு.

ஜெசிந்தா கையைக் கழுவிட்டு வந்து எதிர்ல உக்காந்தா.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுண்ணே.”

யாரு கையெழுத்துப் போட்டதுன்னுதான் நான் முதல்ல கேட்டேன். நானேதான், எனக்கு முப்பத்திமூணு வயசாச்சுல்லன்னா. கூட யாரு இருந்தது? ஸ்டெல்லா எனக்குச் சட்னி ஊத்திக்கிட்டிருந்தா. நான் அவளைப் பாத்தேன். இன்னும் வேணுமான்னு கேட்டா. மெழுகுவத்தி என்ன ஆச்சுன்னேன். ஆஸ்பத்திரி பக்கத்துக் கோயில்ல ஏத்தினேன், நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டேன்னா.

எல்லாம் சுகமாப் போகலை. மூணாம் நாள் உள்ள ரத்தம் கட்டிக்கிச்சாம். திரும்பவும் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்திருக்காங்க. வெளிய பெஞ்சுல ஸ்டெல்லா தனியா உக்காந்து ஜெபமாலை சொல்லிக்கிட்டிருந்திருக்கா. எனக்குப் போன் பண்ண ரெண்டு தடவை நம்பரை எடுத்து, ரெண்டு தடவையும் வேண்டாம்னு வச்சுட்டாளாம். இதைக் கேட்டதும் நான் உள்ள ஓடிப்போய் ஃபாரத்தை எடுத்துட்டு வந்தேன் சார். நாலாவது வரி. ரத்தம் கட்டுதல். நான் எழுதியிருக்கேன். இதோ பாருங்க, நான் சொன்னேனா இல்லையான்னு ரெண்டு பேருகிட்டயும் காட்டினேன்.

ஜெசிந்தா அந்த வரியைப் படிச்சுட்டு, அது வரலாம்னு தெரிஞ்சுதாண்ணே போனேன்னா. நாளைக்கு இறுகினாலும் இறுகலாம், பத்து வருஷத்துல திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும், அதுவும் தெரியும்னா. தெரிஞ்சுமான்னேன். தெரிஞ்சுதான்னா. சண்டை போடாம, மெதுவாத்தான் சொன்னா.

அவ ரூமுக்குப் போய் ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்தா. ஆதார் கார்டு சைஸ். உள்ள வச்சிருக்கிறதோட நம்பர், ரகம், அளவு, வச்ச தேதி, வச்ச டாக்டர் பேரு எல்லாம் அதுல இருக்கு. காலத்துக்கும் பத்திரமா வைக்கணுமாம்.

“மில்லுல நூத்திநாப்பது தீயணைப்பானுக்கும் தேதி பாத்துக்கிறீங்க. இதையும் நீங்களே பாத்துக்கோங்கண்ணே. நான் தொலைச்சுடுவேன்.”

அவ எதையும் தொலைக்கிறவ இல்லை சார். எட்டாங்கிளாஸ் மார்க் ஷீட்டையே லேமினேட் பண்ணி வச்சிருக்கா. எதுக்கு அப்படிச் சொன்னான்னு எனக்கு இன்னும் புரியலை. ஆனா என்னைவிட்டா வேற யாரு தேதி பாப்பாங்க, அது சரிதானே.

இன்னிக்கு ஆறு மாசச் செக்கப்பு. காலையில முதல் பஸ்ஸுலயே ரெண்டு பேரும் கோயம்புத்தூர் கிளம்பிட்டாங்க. எனக்கு மில்லுல ஷிஃப்டு. ஒம்பதரைக்கு ஸ்டெல்லா போன் பண்றா, ஆஸ்பத்திரியில அட்டை நம்பர் கேக்குறாங்க, ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க போதும்னு. போட்டோவுல ஒரு நம்பர் கலங்கிப்போச்சுன்னா? எட்டு மூணாத் தெரியும். அரை நாள் லீவு போட்டுட்டு அட்டையை எடுத்துக்கிட்டு நேராவே கிளம்பிட்டேன். போட்டோவும் அனுப்பிட்டேன், அது ஒரு பக்கம். இந்நேரம் டாக்டரைப் பாத்துட்டுக்கூட வந்திருப்பாங்க.

அட்டையை வாங்கின மறுநாளே ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன். தீயணைப்பான் ரெஜிஸ்டர்லதான், நூத்திநாப்பத்தொண்ணாவதா. தயாரிப்பு நம்பர், போட்ட தேதி, அடுத்த சோதனை. பத்து வருஷத்துல ஒரு பெரிய சோதனை வருது, நான் ரிட்டையர் ஆகுற வருஷம். அடுத்து வர்ற ஆபீசருக்கு இதெல்லாம் புரியாது, ஒரு நகல் வீட்டுல வச்சிருக்கேன். ‘இருக்குமிடம்’னு ஒரு கட்டம் வரும். மத்ததுக்கெல்லாம் கார்டிங் செக்ஷன், குடோன் வாசல்னு இருக்கும். அதுல என்ன எழுதுறதுன்னு பேனாவை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் ‘ஜெசிந்தா’ன்னு எழுதினேன்.

போன வாரம் மில்லுக்கு ஆடிட் வந்தது. வந்தவரு வரிசையாப் பாத்துக்கிட்டே வந்து, ஜெசிந்தாங்கிறது எந்த செக்ஷன் சார்னு கேட்டாரு. எங்க வீடுன்னேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பாத்தாரு. அப்புறம் ஒரு குறை எழுதிட்டுப் போயிட்டாரு, மத்த நூத்திநாப்பதுக்கும் நிலைமை என்னன்னு எழுதியிருக்கு, இதுக்கு மட்டும் அந்தக் கட்டம் காலியா இருக்குன்னு. நியாயம்தானே? ‘நல்ல நிலையில் உள்ளது’ன்னு எழுதணும். எழுதணும்னா தெரியணும். தெரியணும்னா அவளைக் கேக்கணும்.

அப்பத்தான் சார் எனக்கே உறைச்சுது. ஜனவரியில இருந்து எத்தனையோ பேரைக் கேட்டிருக்கேன். கம்பவுண்டரைக் கேட்டேன், சித்தப்பாவைக் கேட்டேன், ஃபாதரைக் கேட்டேன். அவளை மட்டும், எப்படிம்மா இருக்க, நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கலை.

சிங்காநல்லூர் வந்தாச்சு போல. கொஞ்சம் அந்த மூட்டையைத் தள்ளுங்க, நான் இறங்கிக்கிறேன். நீங்க தங்கச்சி கூடப் பிறந்தவரா சார்? எப்படிக் கேப்பீங்க, நேராவே கேட்டுடுவீங்களா?